டி4-க்கு எதிராகக் கறுப்பு: ஸ்லாவா, செமி ஸ்லாவா?

ஜூன் 1, ஒரு வாசகரின் கேள்வி (காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் மூவ்; × என்றால் வெட்டுவது; எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் மூவ்)

செஸ் ரேட்டிங் 1480. கல்லூரி மூன்றாம் ஆண்டு. வெள்ளை டி4 ஆடினால் டி5, சி4-க்கு சி6. குதிரை எஃப்3, குதிரை எஃப்6, குதிரை சி3. அதுவரை குழப்பம் இல்லை. 4-ஆவது மூவில்தான் நின்றுவிடுகிறேன். சி4 சிப்பாயை வெட்டி ஸ்லாவ் ஆடுவதா, இ6 வைத்து செமி ஸ்லாவ் ஆடுவதா? செமி ஸ்லாவ்தான் கனமான ஓப்பனிங் (தொடக்க ஆட்டமுறை) என்கிறார் கோச். செஸ் என்ஜின் (கணினி நிரல்) இரண்டையும் ஏறக்குறைய ஒரே மதிப்பில்தான் வைக்கிறது. செமஸ்டர் முடிவதற்குள் ஒன்றைத்தான் படிக்க முடியும். எதைப் படிக்கட்டும் அண்ணா?

ஜூன் 1, இரவு

ஸ்லாவ்.

காரணம் சி8 பிஷப். இ6-இல் சிப்பாய் வந்து நின்றால் அந்த பிஷப்புக்கு வழி அடைபட்டுப்போகும். ஸ்லாவில் முதலில் பிஷப்பை எஃப்5-க்கு அனுப்பிவிட்டு, பிறகு இ6 வைத்துக் கதவைச் சாத்துகிறோம். செமி ஸ்லாவில் பிஷப் உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டு, பி5, பிஷப் பி7, சி5 என்று பின்வாசல் வழியாக வெளியே கொண்டுவருகிறோம். 1480 ரேட்டிங்கில் பின்வாசலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதினேழு வருடமாக சி6 ஆடுகிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜூன் 2

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “பிஷப்தான் முக்கியம் என்றால் 4-ஆவது மூவிலேயே பிஷப் எஃப்5 ஆடலாமே, எதற்கு முதலில் சி4-ஐ வெட்டுவது?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் ஆடக்கூடாது. நான் ஆடி வாங்கிக்கட்டிக்கொண்ட மூவ் அது.

வெள்ளை சி×டி5, கறுப்பு சி×டி5, அடுத்து ராணி பி3. பிஷப் வெளியே போய்விட்டதால் பி7 சிப்பாய்க்குக் காவல் இல்லை. ராணி பி6 ஆடி எதிர்த்து நிற்கலாம் என்று தோன்றும். அப்போது குதிரை×டி5! ராணியை ராணியால் வெட்டினால், வெள்ளை எஃப்6 குதிரையைச் செக்கோடு வெட்டிவிட்டுப் பிறகு நிதானமாக ஏ×பி3. ஒரு சிப்பாய் போயே போச்சு. இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் பிஷப்பை மறுபடி சி8-க்கே கூப்பிட வேண்டும். வாசலைத் தாண்டிய பிள்ளையை உடனே வீட்டுக்குள் இழுத்த கதை.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் எனக்கு இது நடந்தது. முதல் ரவுண்டு. எதிரே பத்து வயதுப் பையன். குதிரை×டி5 ஆடிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். நான் இருபது நிமிடம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் முதலில் டி×சி4. வெள்ளையின் சி சிப்பாயை அகற்றிவிட்டால் சி×டி5 என்ற மிரட்டலே இருக்காது. நாம் பி5 வைத்து அந்தச் சிப்பாயைக் காப்பாற்றிவிடக் கூடாது என்று வெள்ளை ஏ4 ஆடும். அந்த ஏ4-ஆல் பி4 கட்டம் ஓட்டையாகி நமக்குக் கிடைக்கிறது. அதன் பிறகு பிஷப் எஃப்5. வெள்ளை இ3, நாம் இ6, வெள்ளை பிஷப்×சி4, நம்முடைய இன்னொரு பிஷப் பி4-இல் போய் உட்காரும். இரண்டு பிஷப்புக்கும் நல்ல இடம்.

ஜூன் 2, பிறகு

வெள்ளை 6-ஆவது மூவில் இ3-க்குப் பதிலாகக் குதிரை இ5 ஆடினால் கதை வேறு. எஃப்3, இ4 என்று நடுவைப் பிடிக்க வருவார்கள். கறுப்பு மூன்று சிப்பாய்களுக்கு ஒரு பிஷப்பைக் கொடுக்கும் பழைய லைன் (மூவ் வரிசை) ஒன்று இருக்கிறது: பிஷப்×இ4, எஃப்×இ4, குதிரை×இ4. மனப்பாடம் இல்லாமல் அதற்குள் போகாதீர்கள். 6...குதிரை பிடி7, 7.குதிரை×சி4 ராணி சி7, பிறகு இ5. இது போதும்.

ஜூன் 7

ஐந்து நாளாக எழுதாததற்குக் காரணம், என் ஆட்டங்களின் மூவ்களைக் குறித்துவைத்த பழைய ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். ஜூன் 1 அன்று நான் அவ்வளவு உறுதியாக எழுதியது என் ஆட்டங்களிலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

நிற்கவில்லை.

கடைசி மூன்று வருடத்தில் கறுப்பில் டி4-ஐச் சந்தித்த ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்தேன். 38 ஆட்டம். 17-இல் எதிராளி சி4 ஆடவே இல்லை. பெரும்பாலும் லண்டன் என்ற ஓப்பனிங், பிஷப் எஃப்4. மீதி 21-இல் 9 ஆட்டம் மூன்றாவது மூவிலேயே சி×டி5, அதாவது எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவ். 5 ஆட்டத்தில் நிதானமாக இ3. மீதி 7 ஆட்டத்தில்தான் நீங்கள் கேட்ட பொசிஷன், அந்த 4-ஆவது மூவ், போர்டில் வந்திருக்கிறது.

38-இல் 7! நாம் இந்த ஏழுக்காகத்தான் இரண்டு கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவ் எனக்கு எவ்வளவு வலி கொடுத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சிப்பாய் அமைப்பு, சி வரிசை மட்டும் திறந்திருக்கும். வெள்ளை டிரா வேண்டும் என்று தீர்மானித்தால் அதை உடைப்பது பெரும்பாடு. ஒரு மாவட்டப் போட்டியில் கடைசி ரவுண்டு. ஜெயித்தால் பரிசு, டிரா என்றால் ஒன்றுமில்லை. என்னைவிட 250 ரேட்டிங் குறைந்தவர் எதிரே உட்கார்ந்து சி×டி5 ஆடினார். பிஷப் எஃப்4, இ3, யானை சி1. எல்லாக் காயும் ஜோடி ஜோடியாக வெட்டுப்பட்டுப் போயின. 28-ஆவது மூவில் கை கொடுத்தோம். அவருக்குச் சந்தோஷம். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மூன்றாவது மூவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே தம்பி, கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். ஸ்லாவின் முக்கிய லைன் நல்லதா, செமி ஸ்லாவின் முக்கிய லைன் நல்லதா என்று பார்க்காதீர்கள். எந்த மூவ் வரிசையில் போனால் உங்களுக்கு அடிக்கடி வரப்போகும் சலிப்பான பொசிஷன் எது, அதில் நாலு மணி நேரம் உட்கார உங்களுக்குப் பிடிக்குமா என்று பாருங்கள். பிடித்ததைத் தேர்ந்தெடுப்பது சுலபம். எந்தச் சலிப்பைத் தாங்க முடியும் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம்.

ஜூன் 8

“அப்படியென்றால் எக்ஸ்சேஞ்சைத் தவிர்க்க 2-ஆவது மூவிலேயே சி6-க்குப் பதில் இ6 ஆடி, பிறகு சி6 வைக்கலாமே?” என்று இன்னொருவர். முக்கோண வழி. டி5, இ6, சி6 மூன்றும் முக்கோணமாக நிற்பதால் அந்தப் பெயர். இதை நான் எட்டு மாதம் ஆடியிருக்கிறேன். நாளை எழுதுகிறேன், இன்று மின்சாரம் இல்லை.

ஜூன் 15

நாளை என்றது ஒரு வாரம் ஆகிவிட்டது.

முக்கோணத்தில் கிடைக்கும் லாபம் உண்மையானது. வெள்ளை டி5-இல் வெட்டினால் நாம் இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறோம். சி8 பிஷப்புக்கு வழி தானாகத் திறக்கிறது, சமச்சீர் சாபமும் இல்லை. இது கார்ல்ஸ்பாட் எனப்படும் சிப்பாய் அமைப்பு. வெள்ளை ராணிப் பக்கத்தில் பி4, பி5 என்று வந்து நம் சி6 சிப்பாயைப் பலவீனமாக்கப் பார்க்கும், நாம் ராஜாப் பக்கம் போவோம். இருவருக்கும் வேலை இருக்கிறது. என் கணக்கில் எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவைவிட இது ஆயிரம் மடங்கு உயிருள்ள ஆட்டம்.

விலை என்ன? 3.குதிரை சி3 சி6-க்குப் பிறகு 4.இ4. மார்ஷல் காம்பிட், அதாவது வெள்ளை சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்கும் வழி. டி×இ4, குதிரை×இ4, பிஷப் பி4 செக், பிஷப் டி2, ராணி×டி4, பிஷப்×பி4, ராணி×இ4 செக், பிஷப் இ2. கறுப்புக்குச் சிப்பாய் லாபம். ஆனால் பி4-இல் நிற்கும் வெள்ளை பிஷப் எஃப்8 கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது அங்கே இருக்கும்வரை ராஜாப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவை யானையோடு ஓரத்துக்குக் கொண்டுபோகும் மூவ்) கிடையாது. நம்முடைய கறுப்புக் கட்ட பிஷப்பும் போய்விட்டது. இந்த பொசிஷனில் கறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று என்ஜின் சொல்கிறது. என்ஜினுக்கு வியர்க்காது. எனக்கு இந்த லைனில் இரண்டு முறை ராஜா நடுவில் நின்று செத்தது. இரண்டும் முப்பது மூவுக்குள்.

கட்டலான் என்ற வெள்ளையின் ஓப்பனிங்கும் இருக்கிறது. இ6 முதலில் வைத்துவிட்டால் வெள்ளை குதிரை எஃப்3, ஜி3, பிஷப் ஜி2 என்று போகலாம். இ6 வைக்காமல் சி6-இல் நின்றால் அந்த ஜி2 பிஷப்புக்கு அவ்வளவு உயிர் இல்லை. நம் சி8 பிஷப் எஃப்5-க்கோ ஜி4-க்கோ வந்துவிடும்.

ஆக ஒரு சலிப்பைத் தவிர்த்தால் ஒரு பயம் வருகிறது. எட்டு மாதம் கழித்து நான் சி6-க்கே திரும்பினேன். மார்ஷலைப் பயமில்லாமல் ஆடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முக்கோணம் நல்ல வீடு.

ஜூன் 16

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜூன் 1 அன்று செமி ஸ்லாவின் சி8 பிஷப்பை அடைபட்ட காய் என்று எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் காட்ட ஒரு ஆட்டம் போதும்: ஆரோனியன் – ஆனந்த், நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே போட்டி, 2013 ஜனவரி.

செமி ஸ்லாவின் மெரான் லைன். வெள்ளை 5.இ3, நாம் குதிரை பிடி7, பிஷப் டி3, டி×சி4, பிஷப்×சி4, பி5, பிஷப் டி3. இங்கே ஆனந்த் பிஷப் டி6, கேஸ்லிங், பிஷப் பி7, யானை சி8. 12-ஆவது மூவில் ஆரோனியன் எச்7-ஐக் குறிவைத்துக் குதிரை ஜி5. ஆனந்த் சி5! ஆரோனியன் எச்7 சிப்பாயை வெட்டினார், ஆனந்த் குதிரை ஜி4. பிறகு பிஷப் சி5, அதற்கடுத்து 16...குதிரை டிஇ5. ஜி4-இல் ஒரு குதிரை, இ5-இல் ஒரு குதிரை, சி5-இலும் பி7-இலும் பிஷப்புகள், நாலும் வெள்ளை ராஜாவைப் பார்த்து நிற்கின்றன. 23-ஆவது மூவோடு ஆரோனியன் ஒப்புக்கொண்டார்.

அந்த பி7 பிஷப் எது? நான் அடைபட்டது என்று எழுதிய அதே சி8 பிஷப். பி5, சி5 இரண்டும் நடந்த பிறகு நீண்ட மூலைவிட்டம் முழுவதும் அதன் கையில். ஸ்லாவில் எஃப்5-க்குப் போன பிஷப்புக்கு இந்த வாழ்வு கிடைக்காது. பெரும்பாலும் ஜி6-க்கு ஒதுங்கிக் கடைசியில் ஒரு குதிரையோடு மாற்றிக்கொள்ளப்படும்.

இந்த ஆட்டம் போர்டில் வந்ததுமே எல்லோரும் பேசியது 1907 வோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டீன் ஜெயித்த ஆட்டத்தைத்தான். அதே இரண்டு பிஷப்புகள் பி7-இலிருந்தும் சி5 பக்கமிருந்தும் பாய்வது. மெரான் என்ற பெயரும் ரூபின்ஸ்டீனிடம்தான் வருகிறது: 1924-இல் இத்தாலியின் மெரானோ நகரப் போட்டியில் குருன்ஃபெல்டுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடியது. 106 வருட இடைவெளியில் ரோட்லெவி ஆட்டமும் ஆனந்த் ஆட்டமும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போர்டில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலை முழுக்க அதற்குக் கொடுக்கலாம்.

ஜூன் 16, இரவு

திருத்தம். மேலே குதிரை பிடி7 என்று எழுதியது குழப்புகிறது என்று ஒருவர் சொல்கிறார். பி8-இல் இருந்த குதிரை டி7-க்கு வருகிறது. குதிரை டிஇ5 என்றால் டி7-இல் இருந்தது இ5-க்கு.

ஜூன் 29

ஆனந்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். கேள்விக்கு நேர் தொடர்பு உண்டு.

2008, ஜெர்மனியின் பான் நகரம், உலக சாம்பியன்ஷிப், ரஷ்யாவின் கிராம்னிக்கோடு. 3-ஆவது ஆட்டம் நடந்த அன்று நான் வேலை முடிந்து ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மெரான், ஆனால் கூர்மையான கிளை: பி5-க்குப் பிறகு ஏ6, இ4 சி5, இ5 சி×டி4, குதிரை×பி5. கறுப்பு ராஜா நடுவிலேயே நிற்கிறது, ஜி வரிசை திறந்திருக்கிறது, ஆனந்த் 14-ஆவது மூவில் பிஷப்பை பி7-க்கு வைக்கிறார். கிராம்னிக்கின் கடிகாரம் கரைந்துகொண்டே போனது. 41 மூவில் கறுப்பு ஜெயித்தது. 5-ஆவது ஆட்டத்தில் அதே லைனை ஒரு சின்ன மாற்றத்தோடு மறுபடி ஆடி மறுபடி ஜெயித்தார். கடைசியில் 6.5–4.5.

நான் மறுநாளே மெரான் படிக்கத் தொடங்கினேன். என்னைப் போல எத்தனையோ பேர்.

இரண்டு வருடம் கழித்து, 2010, பல்கேரியாவின் சோபியா, உலக சாம்பியன்ஷிப், டோபலோவோடு. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், பிராங்க்பர்ட்டிலிருந்து ஏறக்குறைய 40 மணி நேரம் வேனில் பயணம் செய்து ஆனந்த் போய்ச் சேர்ந்தார். போட்டி ஒரே ஒரு நாள்தான் தள்ளிவைக்கப்பட்டது. முதல் ஆட்டம் கறுப்பில், குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ், தோல்வி. பிறகு கறுப்பில் என்ன ஆடினார்? பானில் ஜெயித்துக் கொடுத்த மெரான் இல்லை. ஸ்லாவ். அதிலும் குதிரை இ5-க்கு எதிராகப் பிஷப்பைக் கொடுக்கும் லைன் இல்லாமல், 7...சி5 ஆடி ராணிகள் சீக்கிரமே வெளியேறும் பொசிஷன். 3-ஆவது ஆட்டம் டிரா, 5-ஆவது டிரா. 8-ஆவது ஆட்டத்தில் அதே வகைப் பொசிஷனில், எதிரெதிர் நிற பிஷப் முடிவாட்டத்தில் தவறு செய்து தோற்றார்.

கடைசி 12-ஆவது ஆட்டம், மே 11, இருவரும் 5.5–5.5, கறுப்பு. அன்று ஸ்லாவும் இல்லை, செமி ஸ்லாவும் இல்லை. சி6-க்குப் பதில் இ6, பிஷப் இ7, லாஸ்கர் டிஃபென்ஸ். குதிரை இ4 வைத்துக் காய்களை மாற்றிக்கொண்டு, சின்னச் சின்னச் சிரமங்களைத் தாங்கிக்கொண்டு உட்காரும் லைன். டோபலோவ் 32-ஆவது மூவில் இ4 சிப்பாயை வெட்டி ராஜாவை வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார். 56 மூவில் ஆனந்த் ஜெயித்து 6.5–5.5.

ஒரே மனிதர், ஒரே டி5. பானில் நெருப்பு, சோபியாவில் ராணி இல்லாத முடிவாட்டம், கடைசி நாள் லாஸ்கர். அவர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பொசிஷன் பிடிக்காது என்று பார்த்து மாற்றியிருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன். நமக்கு அந்த வசதி இல்லை. சனி ஞாயிறு போட்டியில் அடுத்த ரவுண்டு எதிராளி யார் என்று தெரிவதே ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்தான். அதனால் நமக்கு எந்தப் பொசிஷன் தாங்கும் என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

ஜூலை 6

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: “எல்லாம் சரி அண்ணா, நான் நாளை என்ன படிக்கட்டும்?”

சரியாக இடித்துக்காட்டியிருக்கிறார். ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது நான் நிற்கும் இடத்தைச் சொல்கிறேன். இது ஜூன் 1 பதிலிலிருந்து வேறு.

ஸ்லாவின் வாசல் வழியாக நுழையுங்கள், செமி ஸ்லாவின் வீட்டில் உட்காருங்கள். அதாவது 2...சி6, 3...குதிரை எஃப்6. வெள்ளை குதிரை எஃப்3, குதிரை சி3 இரண்டும் வைத்துவிட்டால் 4...இ6. அங்கே பிஷப்பை மறந்துவிட்டு பி5, சி5 இரண்டையும் எப்போது ஆடலாம் என்பதை மட்டும் யோசியுங்கள். வெள்ளை 5.பிஷப் ஜி5 ஆடினால் போட்வின்னிக் லைனின் காட்டுக்குள் போகாமல் குதிரை பிடி7, இ3-க்கு ராணி ஏ5. இந்த வழிக்குப் பெயர் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ். ராணி ஏ5, பிஷப் பி4, குதிரை இ4 மூன்றும் சி3 குதிரையின் மேல் போய் விழும். புரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். டி×சி4, இ4 பி5, இ5 எச்6 என்று தொடங்கும் போட்வின்னிக்கைப் படிக்க ஒரு வருடம் வேண்டும், அதுவும் உங்களுக்கு எத்தனை முறை வரும்?

வெள்ளை குதிரை சி3 இல்லாமல் 4.இ3 ஆடினால் உடனே பிஷப் எஃப்5. இங்கே அது சரியான மூவ். சி3-இல் குதிரை இல்லாததால் நான் ஜூன் 2 அன்று காட்டிய குதிரை×டி5 வேலை நடக்காது. ராணி பி3-க்கு ராணி சி7 ஆடி நிற்கலாம்; வெள்ளையின் சி1 பிஷப்பும் இ3-க்குப் பின்னால் மாட்டிக்கொண்டது, எஃப்4-க்கு வந்து ராணியைத் தொந்தரவு செய்ய முடியாது.

இப்போது கவனியுங்கள். வெள்ளை 3.குதிரை சி3, பிறகு 4.இ3 ஆடினால்? போர்டைப் பார்த்தால் மேலே சொன்னதைப் போலவேதான் தெரியும். ஆனால் எஃப்3 குதிரைக்குப் பதில் சி3 குதிரை வந்திருக்கிறது. இங்கே பிஷப் எஃப்5 ஆடினால் சி×டி5, சி×டி5, ராணி பி3, அதே பழைய வலி. ஒரு குதிரை எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்பதில் ஒரு மூவ் சரியாகவும் தவறாகவும் மாறுகிறது. கைப்பழக்கத்தில் ஆடுபவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். இங்கே இ6, அல்லது ஏ6.

ஏ6 பற்றித் தனியாக எழுதலாம். மால்டோவாவின் பயிற்சியாளர் செபனென்கோ வளர்த்த லைன். ஒன்றும் செய்யாத மூவ் போலத் தெரியும். பி5 வரப்போகிறது, பி7-ஐக் காக்க ஏ7-க்கு யானை போகலாம், அதனால் பிஷப்பும் தைரியமாக வெளியே வரலாம். ஸ்லாவ், செமி ஸ்லாவ் என்ற இரண்டு சகோதரிகளுக்கும் பொதுவான சித்தி மாதிரி. ஆனால் எப்போது பி5, எப்போது இ6, எப்போது பிஷப் என்பது கை அனுபவத்தில்தான் வரும். இப்போதைக்கு வேண்டாம்.

லண்டன் ஆடுபவர்களுக்குச் செய்ய வேண்டியதையும் எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவுக்குச் செய்ய வேண்டியதையும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். இரண்டிலும் வெள்ளை பிஷப் எஃப்4-இல், இரண்டிலும் நம் பிஷப்புக்கு எஃப்5 கிடைக்கும். என் 38 ஆட்டத்தில் 26 பெரும்பாலும் இந்த இரண்டும்தான். முதல் இரண்டு வாரம் முழுக்க இதற்கே கொடுங்கள். மெரானை மூன்றாவது வாரம் தொடுங்கள்.

ஜூலை 7

“எக்ஸ்சேஞ்சில் கறுப்பு ஜெயிக்க வழியே இல்லையா?” என்று தம்பி கேட்கிறார். ஜூன் 7 அன்று நான் புலம்பியதன் விளைவு இது. இருக்கிறது. அந்த வலிக்குப் பிறகு உட்கார்ந்து தேடியது.

3.சி×டி5 சி×டி5-க்குப் பிறகு 4.குதிரை சி3 குதிரை எஃப்6, 5.குதிரை எஃப்3 குதிரை சி6, 6.பிஷப் எஃப்4 பிஷப் எஃப்5, 7.இ3 இ6. வெள்ளையிடம் ஏதாவது கடி இருக்கிறது என்றால் 8.பிஷப் பி5. பதில் குதிரை டி7, சி6 குதிரைக்குத் துணையாக. 9.கேஸ்லிங் பிஷப் இ7, 10.பிஷப்×சி6 பி×சி6, 11.யானை சி1 யானை சி8. இங்கே நாம் கேஸ்லிங் செய்யாமல் இருப்பதைப் பாருங்கள். வெள்ளை சி5 கட்டத்தைப் பிடிக்க 12.குதிரை ஏ4 ஆடினால் 12...ஜி5! 13.பிஷப் ஜி3 எச்5! நமக்கு இரண்டு பிஷப், வெள்ளை ராஜா கேஸ்லிங் செய்து உட்கார்ந்துவிட்டது, நம் ராஜாப் பக்கச் சிப்பாய்கள் கிளம்பிவிட்டன. சமச்சீர் எங்கே போயிற்று? சி6-இல் ஒரு சிப்பாய் பலவீனமாகத் தொங்குகிறது, உண்மை. அதை வெள்ளை எடுக்க வருவதற்குள் எச் வரிசை திறந்துவிடும்.

6.பிஷப் எஃப்4-க்கு ஏ6 ஆடி பிஷப் பி5-ஐயே வரவிடாமல் செய்வதும் உண்டு. பாதுகாப்பானது. டிரா போதும் என்கிற நாளில் ஆடுங்கள்.

ஜூலை 20

ஞாயிறு போட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். 4-ஆவது ரவுண்டு, கறுப்பு. எதிரே ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர். டி4, டி5, சி4, சி6, அடுத்த நொடியே சி×டி5. 11-ஆவது மூவில் யானையை சி1-க்கு வைத்துவிட்டு, “டிரா?” என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஒரு தவறும் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். ஆடலாம் சார் என்றேன்.

12.குதிரை ஏ4. நான் ஜி5 தள்ளினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போர்டைப் பார்த்தார். பிஷப் ஜி3, எச்5, எச்3, ஜி4, எச்×ஜி4 எச்×ஜி4. குதிரை இ5-க்கு வந்தது, குதிரையால் வெட்டினேன், பிஷப்பால் திருப்பி வெட்டினார். இ5 பிஷப் என் எச்8 யானையைத் தாக்குகிறது, அதனால் எஃப்6. பிஷப் ஜி3-க்குப் போனதும் ராஜா எஃப்7. கேஸ்லிங் செய்யாத ராஜாவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. யானை எச்5, ராணி ஜி8 வழியாக எச்8. அதற்குள் அவர் சி6 சிப்பாயை எடுத்துவிட்டார். எடுக்கட்டும் என்றுதான் விட்டேன். 34-ஆவது மூவில் செக்மேட்டைத் தடுக்க யானையைக் கொடுக்க வேண்டிய நிலை, கை நீட்டினார்.

எழுந்து போகும்முன் அவர் என்னிடம் கேட்டது: “இந்த ஜி5-ஐ எங்கே படிச்சீங்க? நான் முப்பது வருஷமா இந்த எக்ஸ்சேஞ்ச்தான் ஆடறேன், யாரும் இப்படி வந்ததில்லை.” மண்டபத்துக்கு வெளியே டீக்கடையில் பாக்கெட் போர்டை வைத்து அவருக்கு அந்த லைனைக் காட்டினேன். 12.குதிரை ஏ4-க்குப் பதில் முதலில் எச்3 ஆடியிருந்தால் என்ன என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போர்டு இன்னும் மேஜையில் அந்தப் பொசிஷனிலேயே இருக்கிறது.

தம்பி, லண்டனும் எக்ஸ்சேஞ்சும் முடித்துவிட்டீர்கள் என்றால் சொல்லுங்கள், மெரானுக்குப் போவோம்.